எல்லார் மூக்கிலும் சதை இருக்கிறது



ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி முடியும்வரை நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பையனுக்கு மூக்குல சதை வளர்ந்திருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். எழுத்திலேயே பயம் தெரியும்.

முதலில் ஒரு ஆறுதல். சதை உங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லை. உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. மூக்கின் உள்ளே ஒவ்வொரு பக்கத்துச் சுவரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று மடிப்புகள். உள்ளே மெல்லிய எலும்பு, மேலே ரத்தம் நிறைந்த சவ்வு. பிறக்கும்போதே வருபவை அவை. மூக்கு செய்யும் வேலையில் பாதிக்கு மேல் அவற்றின் மேல்தான் நடக்கிறது.

அப்படியானால் டாக்டர் சொன்ன சதை எது? மூன்றில் ஒன்றாக இருக்கும். அலர்ஜியால் இந்த மடிப்புகளே வீங்கியிருக்கலாம். பெரும்பாலும் மருந்திலேயே வற்றிவிடும். அல்லது மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே இருக்கும் அடினாய்டு பெருத்திருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இது சகஜம், வளர வளரத் தானே சுருங்கும். ஆனால் பிள்ளை வாயைத் திறந்தே தூங்குகிறது, குறட்டை விடுகிறது, கூப்பிட்டால் காதில் விழவில்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாவது, பாலிப் என்கிற வெளிறிய, நீர் கோத்த வளர்ச்சி. இது பெரியவர்களுக்குத்தான் அதிகம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆகவே அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள்: "எந்தச் சதை டாக்டர்?"

உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். திண்டுக்கல்காரர்களுக்கு விளக்குவது சுலபம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது சாவித்துவாரம் மட்டும். கைவேலை எல்லாம் உள்ளே இருக்கும் லீவர்களில். மூக்கும் அப்படித்தான். கண்ணாடியில் தெரியும் இரண்டு துவாரங்களை மட்டும் பார்த்து நாம் மூக்கை எடை போடுகிறோம்.

உள்ளறையின் தரை, நம் வாயின் மேலண்ணம். கூரை, மூளை உட்கார்ந்திருக்கும் தளம். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. "தண்டு வளைஞ்சிருக்கு" என்பார்களே, அந்தத் தண்டு இதுதான். கொஞ்சமாவது வளையாத தண்டு அபூர்வம். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. இந்த அறை மேல்நோக்கிப் போவதில்லை, நேராகப் பின்னால் போகிறது. கொரோனா டெஸ்ட்டில் அந்தக் குச்சி எங்கே போனது என்று நினைவிருக்கிறதா? நெற்றியைப் பார்த்துப் போகவில்லை, காதுப் பக்கமாகப் பின்னால் போனது. மூக்கு ஸ்பிரே அடிக்கும்போது பாட்டிலை மூளையைப் பார்த்துப் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலையை லேசாகக் குனிந்து, முனையைத் தண்டுப் பக்கம் வைக்காமல் வெளிச்சுவர்ப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து கேட்காததற்குக் காரணம் மருந்து இல்லை, பிடித்த கோணம்தான் என்பது என் எண்ணம்.

சரி, இந்த அறைக்குள் என்னதான் வேலை நடக்கிறது?

ஒரு நாளில் நாம் இழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். கொடைக்கானலில் விடியற்காலையில் இழுத்தாலும், சித்திரை மத்தியானம் நாகல்நகர் ரவுண்டானாவில் நின்று இழுத்தாலும், தொண்டைக்கு இறங்கும்போது அது உடம்புச் சூட்டை நெருங்கி, ஈரமும் ஏறியிருக்கும். இதற்கு மூக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடிகூட இல்லை. மடிப்புகளில் ஓடும் ரத்தம்தான் சூடு கொடுக்கிறது. சவ்வின் ஈரம்தான் காற்றுக்கு ஏறுகிறது. வாயால் மூச்சு விட்டுத் தூங்கியவர் காலையில் தொண்டை வறண்டு எழுந்திருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது தூசி. நம்ம பக்கத்து ஆடிக்காற்றைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்மண் புழுதியோடு சீமைக் கருவேல மகரந்தமும் சேர்ந்து வரும். அந்த மகரந்தம் பலருக்கு அலர்ஜி தரக்கூடியது. முன்வாசல் முடியில் பெரிய தூசி நின்றுவிடும். மிச்சம் மடிப்புகளின் ஈரத்தில் ஒட்டும். அந்த ஈரத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, ஒட்டியதையெல்லாம் மெல்லத் தொண்டைப் பக்கம் நகர்த்துகின்றன. இதைப் பரிசோதிக்க இ.என்.டி. டாக்டர்களிடம் ஓர் அழகான முறை உண்டு. மூக்கின் முன்பக்கத்தில் சாக்கரின் துணுக்கு ஒன்றை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நல்ல மூக்கென்றால் சுமார் இருபது நிமிடத்துக்குள் தொண்டையில் இனிக்கும்.

"பிள்ளை சளியைத் துப்பாம முழுங்கிடறானே" என்று கவலைப்படும் அம்மாக்களே, நாம் எல்லாருமே நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும்.

எல்லாத் தூசியும் மூக்கில் நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகும் பெண்கள் நம் வாசகர்களில் நிறைய. பஞ்சின் நுண்தூசி மூக்கைத் தாண்டி நுரையீரலுக்கே போகும். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், அது பஞ்சுத் தூசி நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். வெக்கையாக இருக்கிறது என்று மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட வேண்டாம்.

மூக்குக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1656-இல் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் வழியாக நுழைந்து மதுரை வரை வந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தார்கள். திருமலை நாயக்கர் அப்போது நோயில் படுத்திருந்தார். ராமநாதபுரத்திலிருந்து ரகுநாத சேதுபதி படையோடு வந்து எதிரிகளைத் திண்டுக்கல்வரை விரட்டினார். பிறகு நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர் எல்லைக்குள்ளேயே புகுந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தார். மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். நம் மலைக்கோட்டைக்கு அழைத்துப்போகும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்கிறோமா? எந்தப் பக்கம் ஜெயித்தது என்பதைவிட, இரண்டு பக்கமும் மூக்கில்லாமல் வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பத்து மனிதர்கள்தான் எனக்கு ஞாபகத்தில் நிற்கிறார்கள்.

அது நடந்து ஒன்றரை நூற்றாண்டு நெருங்கும்போது, திப்புவோடு நடந்த போர் முடிந்து 1792-இல் திண்டுக்கல் கும்பினியார் கைக்குப் போனது. அதே போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கை இழந்தார். புனேயில் ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை எடுத்துத் திருப்பி மூக்கு செய்து வைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற ஆங்கிலேய டாக்டர் 1814-இல் அங்கே அந்த ஆபரேஷனைச் செய்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் முதல் பாடங்களில் ஒன்று இது. அந்தப் புனே வைத்தியர் தோலை மட்டும் ஒட்டிவிட்டு விடவில்லை. துவாரங்கள் மூடிக்கொள்ளாமல் இருக்கத் துணித்திரி வைத்திருக்கிறார். உருவம் மட்டும் போதாது, காற்றுக்கு வழி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் வீடுகளில்தான் அந்த வழியைப் பல விதமாகக் கெடுத்துக்கொள்கிறோம்.

முதலில், பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டும் விஷயம். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, வெந்நீர் ஊற்றும் பாட்டிகளின் கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது. குழந்தை சொக்கித் தூங்குவதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் குளித்து முடித்ததும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு வாய் வைத்து ஒரு ஊதல், கடைசியில் சாம்பிராணிப் புகை. இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள் என்று உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் தவறிப் போனால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் இருமலைக்கூடக் கிளப்பாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்கு இறங்கிவிடும், அங்கே நிமோனியாவாக நிற்கும். வாயால் ஊதினால் பெரியவர் தொண்டையில் இருக்கும் கிருமி குழந்தைக்கு. முதல் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். வாயால் விட இன்னும் பழகியிருக்காது. பால் குடிக்கும்போது அடைப்பு இருந்தால் டாக்டரிடம் கேட்டு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து விடுங்கள், போதும்.

அடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு. போட்ட அஞ்சாவது நிமிடம் கதவு திறந்த மாதிரி காற்று போகும். அந்தச் சுகம்தான் ஆபத்து. வீங்கிய மடிப்புகளின் ரத்தக் குழாய்களை அது இறுக்குகிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் முன்பைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். சட்டைப் பையில் பேனாவோடு அந்தப் பாட்டிலையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள். அதற்கு மேல் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. ராத்திரி ஒரு பக்கம் அடைக்கிறது, புரண்டு படுத்தால் மறுபக்கம் அடைக்கிறது என்று பதறிச் சொட்டு போடுகிறோம். அது நோயே இல்லை. மூக்கு இரண்டு பக்கத்தையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஓய்வெடுக்க விடுகிறது. ஒரு பக்கத்து மடிப்பு உப்பும்போது மறுபக்கம் வற்றும். கைசர் என்ற ஜெர்மன் டாக்டர் 1895-இல் இதை எழுதி வைத்தார். எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்று சரம் பார்த்துக் காரியம் தொடங்கிய நம் பெரியவர்களுக்கு, இடகலை பிங்கலை என்று பேசிய நம் சித்தர்களுக்கு, மூச்சு பக்கம் மாறுவது அதற்கு வெகு காலம் முன்பே தெரியும். சரம் பார்த்தால் காரியம் ஜெயிக்குமா என்பது வேறு விஷயம். மூச்சைக் கவனித்ததில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆவி பிடிப்பது? நொச்சி இலையைப் போட்டுப் பிடித்தால் இதமாக இருக்கும், சளி இளகும். சளிக்கு அது மருந்து என்று நினைக்காதவரை தப்பில்லை. ஆனால் கொதிக்கும் பாத்திரத்தைப் போர்வைக்குள் வைத்துச் சின்னப் பிள்ளையைக் குனியச் சொல்லாதீர்கள். சளியோடு போக வேண்டியது, பாத்திரம் சரிந்து தொடையெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கொண்டு போய்விடும்.

மூக்கில் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்பவர்கள் கொதித்து ஆறிய நீரையே எடுக்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தின்னும் அமீபா என்று பேச்சு அடிபட்டதே, அது தேங்கிய நீரிலிருந்து மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. மூக்கின் கூரை எலும்பில், வாசனை நரம்புகள் மூளைக்குப் போக நுண்ணிய ஓட்டைகள் இருக்கின்றன. அதுதான் அதன் பாதை. அதே தண்ணீரைக் குடித்தால் அது வருவதில்லை.

பங்குனி, சித்திரையில் பிள்ளைகளுக்குச் சில்லுமூக்கு உடைவது அடுத்த கலவரம். உடனே என்ன செய்கிறோம்? தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்கிறோம். ரத்தம் தொண்டைக்குள் போய், வயிற்றைப் புரட்டி வாந்தியாக வரும்போது வீடே அலறுகிறது. உட்கார வைத்து, தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடியுங்கள். வாயால் மூச்சு விடட்டும். பத்து நிமிடம், நடுவில் "நின்னுடுச்சா" என்று விட்டுப் பார்க்காமல். தண்டின் முன்பகுதியில் பல ரத்தக் குழாய்கள் கூடும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. பிள்ளைகள் விரல் விட்டு நோண்டும் இடமும் அதுவே. பெரும்பாலான ரத்தக் கசிவு அங்கேதான். அரை மணியாகியும் நிற்கவில்லை என்றாலோ, பிரஷர் உள்ள பெரியவருக்கு வந்தாலோ, ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றாலோ ஆஸ்பத்திரிதான். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. சின்ன மூக்கு விஷயத்துக்கெல்லாம் மதுரைக்கு பஸ் ஏறும் பழக்கத்தை இனி விடலாம்.

பொடி போடும் தாத்தாக்களிடம் என்ன சொல்வது? வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வந்தது, நம் மண்ணில் புகையிலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட பயிர். அதனால் நாசூக்காகத்தான் சொல்ல முடியும். மேலே சொன்ன நுண்முடிகளை முடக்குவது பொடி. நிகோடின் மூக்குச் சவ்வு வழியாக நேரே ரத்தத்துக்குப் போவதால்தான் அந்தச் சுறுசுறுப்பு, அதனால்தான் விடவும் முடிவதில்லை.

இனி வாசனைக்கு வருவோம். நிலக்கோட்டை மல்லிகை, பழனி பஞ்சாமிர்தம், சீரகச் சம்பா பிரியாணி என்று வாசனையாலேயே பிழைக்கும் மாவட்டம் நம்முடையது. மூக்கின் கூரையில், சின்னத் தபால் தலை அளவே இருக்கும் சவ்வில்தான் வாசனை உணரும் செல்கள் இருக்கின்றன. மனிதனுக்குச் சுமார் 400 வகை வாங்கிகள். இந்த வாங்கிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாக்கு சொல்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி சில சுவைகள் மட்டும். மற்றதெல்லாம் மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனை. சளி பிடித்த அன்று பிரியாணி சப்பென்று இருக்கிறதே, குறை சமையல்காரர் மேல் இல்லை.

இதே மூக்குக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. பழகிய வாசனையை அது சொல்வதை நிறுத்திவிடும். பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் வாடையை வெளியூர் விருந்தாளி மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வார், அங்கேயே இருப்பவர் "என்ன வாடை?" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

சாதாரண வாடையில் இது தமாஷ். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவில் இது சாவு. தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டியிலும், வீட்டு செப்டிக் டேங்க்கிலும் தேங்குவது அதுதான். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அளவு ஏறினால் வாசனை நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். "மூடியைத் திறந்து வெச்சோம், நாத்தம் போயிடுச்சு, இறங்கு" என்று சொல்லும் அந்த நேரம்தான் உயிர் போகும் நேரம். முதலில் இறங்கியவர் மயங்கினதும் காப்பாற்ற இறங்குபவரும் திரும்புவதில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் வீட்டு டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க ஆளை இறக்காதீர்கள்.

சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். நம் பாதுகாப்பு முழுக்க ஒரு மூக்கை நம்பித்தான் இருக்கிறது. அந்த மூக்கு யாருடையது? மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு அடுப்படியில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாவுடையது. வயது ஏற ஏற வாசனை உணர்வு குறையும். கொரோனாவில் போனது சிலருக்கு முழுசாகத் திரும்பவும் இல்லை. மெல்லக் குறைவதால் அவர்களுக்கே தெரியாது, கேட்டால் "நல்லாத்தான் தெரியுது" என்பார்கள்.

ஆகவே கேட்காதீர்கள். நாளைக்குக் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்குக் கீழே காட்டிப் பாருங்கள். இன்னதென்று சொல்லத் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ரெகுலேட்டரை மூடும் பொறுப்பை, வெளியே கிளம்பும் முன் வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்